நீலச் சைக்கிள்

பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பொருட்களைப் பெற்றோர் அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ள ஞானராஜ் ஓர் இணையதளம் வடிவமைத்தான். பெயர் சொல்லாமலே பேசிக்கொள்ளலாம். திறந்த மூன்றாம் நாள் அதில் ஒரு நீலச் சைக்கிளின் படம் வந்தது. செயின்கார்டில் ‘மெர்சி’ என்று எழுதியிருந்தது அவன்தான். மணவிலக்குக்குப் பிறகு மகள் மெர்சியைப் பார்த்து நான்கு வருடமாகிறது.

“சைக்கிள் இருக்கா?” என்று எழுதிக் கேட்டான்.

“இருக்கு. பொண்ணு வளந்துட்டா, முட்டி இடிக்குது.”

“ரொம்ப வளந்துட்டாளா?”

“என் தோளுக்கு வந்துட்டா. உங்க புள்ளைக்கு என்ன வயசு?”

அந்தத் தோளின் உயரம் அவனுக்கு மறக்கவில்லை. எழுந்து நின்று, அந்த உயரத்தில் வெற்றிடத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். பொய் எழுத விரல் வரவில்லை.

“பொண்ணு. அடுத்த மாசம் பத்து வயசு முடியுது.”

“அப்ப இது அவளுக்குப் பத்தாதே” என்று பதில் வந்தது.