நான்காம் பக்கத்தில் இருந்தவள்

இசைக்குழு கொடுத்த அறிக்கையின் நான்காம் பக்கத்தில் கம்சிகாவின் படம் இருந்தது.

இருபத்தொன்பது வயதுக் கம்சிகா. நாடிக்குக் கீழே வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா, பின்னிவிட்ட நீண்ட முடி, பாதி மூடிய கண்கள். அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி: 'இன்றைய லண்டனின் முகமே எங்கள் இசைக்குழு.'

அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்த கம்சிகாவுக்கு இப்போது நாற்பது வயது. கட்டையாக வெட்டிய முடி, தடித்த கண்ணாடி. கலைகளுக்கு உதவி செய்யும் அறக்கட்டளை ஒன்றின் மூன்று மதிப்பீட்டாளர்களில் ஒருத்தி.

மேசைக்கு அந்தப் பக்கம் இசைக்குழுவின் இயக்குநர் ஹியூ மார்லண்ட் பேசிக்கொண்டிருந்தார். அரங்கில் பாதி இருக்கைகள் காலி. வருகிறவர்களும் முதியவர்கள். உதவி கிடைக்காவிட்டால் எழுபது வாத்தியக்காரரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும்.

"ஆனால் நாங்கள் மாறிவிட்டோம்," என்றார். "பழைய மூடிய கதவுகள் இப்போது இல்லை."

அவர் அவளை அடையாளம் காணவில்லை. கை குலுக்கும்போதும் இல்லை, அவளுடைய பெயர் அட்டையைப் பார்த்தபோதும் இல்லை.

பெயர் தெரிந்திருக்க நியாயமும் இல்லை. கம்சிகா என்று சொல்ல நாக்கு வளையவில்லை என்று அன்றைக்கு அவளை 'கிம்' என்றே கூப்பிட்டவர் அவர்.

பதினொரு வருடங்களுக்கு முன், வாசிப்பவர் யார் என்று தெரியாதபடி திரை கட்டி வைத்த தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள். ஆறு மாதம் வாசித்துக் காட்டினால் நிரந்தர இடம். அப்பா ஆனந்தராஜா தெற்கு லண்டனில், மோர்டனில் இருந்த சொந்தக்காரர் ஒருவரையும் விடாமல் போன் எடுத்துச் சொன்னார்.

ஆறாம் மாதக் கடைசியில் மார்லண்ட் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு சுரம்கூடப் பிழையில்லை, ஆனால் எங்கள் ஒலியோடு நீ கலக்கவில்லை என்றார்.

கலப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள்.

அது சொல்லிக்கொடுக்கக் கூடியதல்ல என்றார்.

அதன்பிறகு லண்டனில் எந்தக் குழுவும் அவளைக் கூப்பிடவில்லை. அப்பா கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். யாராவது மகளைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்ற பயம்.

அந்தக் குழுவில் முன்பு வாசித்தவள் என்பதை அவள் அறக்கட்டளைத் தலைவிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். பதினொரு வருடம் போய்விட்டதே, பரவாயில்லை என்று அவர் சொல்லிவிட்டார். காலையில் ரயிலில் வரும்போதும் நியாயமாக நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் வந்தாள்.

நான்காம் பக்கம் வரும்வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"இந்தக் கலைஞர் இப்போதும் உங்களோடு இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

மார்லண்ட் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "எங்கள் வயோலாப் பிரிவின் தூணே அவர்தான். தமிழ்க் குடும்பங்களை எங்கள் அரங்குக்கு அழைத்து வருபவரும் அவரே."

அவள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

"அடுத்த வியாழன் ஒத்திகை பார்க்க வருகிறோம். அன்று இவரோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும்."

மார்லண்ட் தண்ணீர் குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு, "தாராளமாக," என்றார்.

பின்னேரம் மோர்டன் ஸ்டேஷனுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது.

"அக்கா, நான் பிரீத்தா, ஆர்கெஸ்ட்ரா ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க நம்பர் பழைய ஃபைல்ல 'கிம்'ங்கற பேர்ல இருந்துச்சு. தமிழ்ல பேசினா நீங்க ஒத்துக்குவீங்கன்னு என்னைக் கூப்பிடச் சொன்னாங்க."

குரலில் சென்னை இருந்தது. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பெண் போல.

"வியாழக்கிழமை காலைல மட்டும் வந்து எங்க வயோலா வரிசையில உட்கார முடியுமாக்கா? யாரோ பார்க்க வர்றாங்களாம். வாசிக்கக்கூட வேண்டாமாம், சும்மா உட்கார்ந்தா போதும்னாங்க."

பஸ் வந்தது. கம்சிகா ஏறவில்லை.

"உங்களைப் போன் எடுக்கச் சொன்னது ஆர், தங்கச்சி?"

"டைரக்டர்தான்க்கா."

"சரி, வாறன். ஆனா அவரையே இந்த நம்பருக்கு மெசேஜ் போடச் சொல்லுங்கோ. நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தா உங்கட பேர் அதில இருக்கக்கூடாது."

பிரீத்தாவுக்கு அது விளங்கவில்லை. நிம்மதியோடு மூன்று தரம் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த பஸ் வருவதற்குள் மார்லண்டின் மெசேஜ் வந்துவிட்டது. நீ என்றைக்கும் எங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று தொடங்கியிருந்தார். வருகிறவர்கள் கேட்டால் இடையில் விலகியிருந்ததைச் சொல்ல வேண்டாம் என்றும், கறுப்பு உடையில் ஒன்பதரைக்குப் பின்வாசலால் வரும்படியும் எழுதியிருந்தார். கடைசியில் தன் முழுப்பெயர், பதவி.

கம்சிகா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அறக்கட்டளைத் தலைவிக்கு அப்படியே அனுப்பினாள்.

கறுப்பு உடை அவளிடம் இருந்தது. இப்போதைய வேலைக்கென்று வாங்கியது.

ஒன்பதரைதான் சரிவராது. மதிப்பீட்டாளர்களைப் பத்து மணிக்கு, முன்வாசலால் வரச் சொல்லியிருந்தார்கள்.