மணித் தரை

"மிஸ்ட்தான் உள்ள பூந்துருச்சுக்கா" என்றான் ஞானவேல், தரைப் பலகையில் காதை வைத்தபடி. "எங்கயோ ஒயர்ல ஈரம் எறங்கியிருக்கு."

"இருக்கும் தம்பி. இந்த ஊரு மிஸ்ட் எதைத்தான் விட்டுச்சு?" என்றாள் சகாயராணி. எப்போதும் கறுப்புக் கம்பளியில் குல்லா பின்னிக்கொண்டே டிக்கெட் கிழிப்பவள், இன்று பின்னலை விட்டுவிட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, ஞானவேல் அந்த மணித் தரையை அமைத்திருந்தான். அது வேலை செய்யும் விதம் எளிது. ஒரு பலகையை மிதித்தால் அடியிலுள்ள சென்சார் எடையை உணரும். உடனே உயரே கூரையில் தொங்கும் வெண்கல மணிக்குள் மின்காந்தம் ஒன்று நாக்கை இழுத்து அடிக்கும். பலகைக்கு ஒரு மணி, மணிக்கு ஒரு சுரம். குதிக்கத் தெரிந்தவரெல்லாம் அங்கே இசையமைப்பாளர்தான்.

நேற்று மாலை வரை அப்படித்தான் இருந்தது. இன்று விடுமுறைக் கூட்டம் வந்து குதிக்கிறது. மணிக்கு மின்சாரம் போய்ச் சேர்ந்ததைக் காட்டும் சின்ன விளக்கும் எரிகிறது. மணி மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஏலே, எறங்கு" என்று மகனை இழுத்தார் ஒரு மதுரைக்காரர். "சும்மா குதிக்கிறதுக்கு நம்ம வீட்டு மொட்டைமாடி கெடக்குல்ல?"

ஞானவேலுக்கு அந்தக் கேலிகூட உறைக்கவில்லை. சென்னையில் புதிதாகத் திறக்கப்போகும் சிறுவர் கூடத்துக்கு ஒரே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்க ஸ்வேதா என்பவர் வருகிறார். இன்று பார்த்துவிட்டு இன்றே மலையிறங்குகிறார். அவருக்குப் பிடித்தால் மணித் தரைக்கு நிரந்தர இடம். இல்லையென்றால் திங்கட்கிழமை கிடங்கைக் காலி செய்ய வேண்டும்.

"ஏணி எங்கக்கா? மேல ஏறிப் பாத்துர்றேன்."

"கோயில்ல கேட்டாங்கன்னு வெள்ளனே குடுத்துவிட்டேனே தம்பி."

"வேற ஏணி?"

"இம்புட்டு உசரத்துக்கு அது ஒண்ணுதான்."

செல்போன் விளக்கை மேலே அடித்துப் பார்த்தான். ஓட்டு இடுக்கில் புகுந்த மூடுபனியில் வெளிச்சம் கரைந்துபோக, மணிகளின் வாய் வெறும் கறுப்பாகத் தெரிந்தது.

ஒயரை மாற்றினான். சென்சாரை மாற்றினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். எல்லாம் சரியாக இருக்கிறது என்றது அது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் பழுது. இங்கே எதுவுமே மிஞ்சவில்லை.

பக்கத்துக் கோயில் மணியை வைத்தே நேரம் பார்த்துப் பழகியவனுக்கு இன்று நேரம் போனதே தெரியவில்லை. அங்கிருந்து கட்டையோடு கட்டை தட்டும் சத்தம்தான் வந்தது. தச்சு வேலை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

வாசலில் கார் வந்து நின்றது.

ஸ்வேதா செருப்பைக் கழற்றிவிட்டு ஆசையாகக் குதித்தார். விளக்கு எரிந்தது. அடுத்த பலகையில் குதித்தார். இன்னொரு விளக்கு.

"மணி எப்ப அடிக்கும்?"

"நேத்து வரைக்கும் அடிச்சுதுங்க மேடம்."

"நேத்து நான் வரலையே." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "சாரிங்க. எங்ககிட்ட வர்ற குழந்தைங்க முன்னாடி இது இப்படி நின்னுபோனா நான் என்ன சொல்றது?"

கார் வளைவில் மறைந்தது. ஞானவேல் அப்படியே ஒரு பலகையில் உட்கார்ந்தான். அவன் எடையை உணர்ந்து மேலே ஒரு விளக்கு எரிந்தது.

சகாயராணி வந்து அவன் தோளைத் தொட்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "காலையில இருந்து உங்களுக்காகத்தான் தம்பி ஜெபமாலை சொல்றேன். கலங்காதீங்க. நாளைக்கு ராத்திரிப் பூசை முடிஞ்சதும் ஏணி வந்துரும். மணி நாக்குல சுத்துன கம்பளிய நானே ஏறி அவுத்து விட்டுர்றேன்."

ஞானவேல் மெல்லத் தலையை உயர்த்தினான்.

"கோயில்லயே இன்னிக்கு மணிக்குப் பதிலா கட்டைதான் தட்டுறாங்க. பெரிய வெள்ளிக்கெழமை அன்னிக்கு மணி அடிச்சா பாவம்ல தம்பி?"