கூரைமேல் சாக்கடைக் குழாய்

கொளஞ்சி கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து திரும்பிய அன்று மாமனார் மாணிக்கவேல், மாமியார் ஆராயி, கொண்டுவந்துவிட்ட அப்பா காத்தவராயன் மூவரும் கூடத்தில் இருந்தார்கள். அடுப்பங்கரைக் கூரையில், சாக்கடைக்குப் பதிக்கும் பீங்கான் குழாய் புதிதாகப் புகைபோக்கியாய் நின்றது.

"புகைபோக்கி வச்சாத்தான் வருவேன்னு எம்பொண்ணு அடம்புடிச்சாளாமே சம்பந்தி? பஸ்ஸுல பேசிக்கிறாங்க," என்று தலைகுனிந்தார் காத்தவராயன்.

கொளஞ்சி இல்லையென்று தலையாட்டினாள். மாமனார் எதிரில் அவள் வாய் திறந்ததே இல்லை.

"சொல்லுங்களேன்! முப்பது வருசமா நான் இருமுனப்ப தெரியாத புகை, இப்ப எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் ஆராயி கணவரிடம்.

கௌரவமே உயிரான மாணிக்கவேல் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உங்க பொண்ணு அங்க இருந்தப்ப, இவ காய்ச்சல்ல படுத்த பத்து நாளும் நான்தாங்க சமைச்சேன். மூச்சு முட்டிப்போச்சு."

கொளஞ்சி குழந்தையை அவர் மடியில் வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மருமகள் கேட்டு வைத்த குழாய் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அது பொய். அவள் கேட்கவே இல்லை, அவர் சமைத்தார்.