துவைத்த பெல்ட்

சலவை இயந்திரத்தின் கதவு திறந்து கிடக்கிறது. அதன் முன்னால் தோளில் பள்ளிக்கூடப் பையோடு மகள் நிற்கிறாள். அவள் கையிலிருக்கும் பழுப்பு நிறக் கராத்தே பெல்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அந்தப் பெல்ட்டைத் துவைக்கவே கூடாது, பயிற்சியின் வியர்வை அதிலேயே ஊறியிருக்க வேண்டும் என்பது அவள் கற்கும் கூடத்து வழக்கம். "யாரைக் கேட்டு இதைத் துவைச்ச? மூணு வருஷ வியர்வை போச்சு. சாயங்காலம் எனக்குக் கராத்தே தேர்வு." அம்மா அடுப்பைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உன் நாய்க்குட்டி அதுமேல மூத்திரம் போயிருக்கு. நாய் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது நீ, அள்ளிக் கொட்டுறது நான்." ஜன்னல் வெயிலில் அம்மாவின் கையில் சோப்பு நுரை பளபளக்கிறது. "முதியோர் இல்லத்துல போய் யார் யாருக்கோ தலை வாரி விடுற. என் தலை கெடக்குற லட்சணத்த என்னிக்காவது பாத்தியா?" "அவங்க எனக்கு தேங்க்ஸ் சொல்றாங்க." "சொல்ல மாட்டாங்களா? வாரத்துக்கு ஒரு மணி நேரந்தானே உன்கூட இருக்காங்க!" மகள் பெல்ட்டைத் தரையில் வீசிவிட்டு வாசலுக்குத் திரும்புகிறாள். "பேசிக்கிட்டே இருக்கேன், எங்க போற? உக்காரு!" வாசல் கதவு அறைந்து மூடுகிற சத்தத்தில் பாத்திரங்கள் அதிர்கின்றன. இரண்டு மாதமாக மகள் அவர்கள் குடியேறிய இந்த நாட்டு மொழியில் உட்காரச் சொல்லிக் கெஞ்சியும் கொஞ்சியும் ஒருநாளும் உட்காராத நாய்க்குட்டி, மேஜைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, அம்மாவைப் பார்த்தபடி அந்த ஈரப் பெல்ட்டின் மேல் ஒழுங்காக உட்காருகிறது.