அம்மாவின் கண்

“பாருங்க, படத்தை மூக்குல ஒட்டி வச்சுப் பார்க்குறா. சின்ன வயசுல நானும் இப்படித்தான்.”

கண் மருத்துவமனையின் வராந்தாவில் மனைவி மறுபடியும் ஆரம்பித்தபோது அவர் டோக்கன் சீட்டைப் பார்த்துக்கொண்டார். அவர் மடியில் இருந்த மூன்று வயது மகள் படப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

கண்ணாடி பவர் மைனஸ் பதினேழு என்றால் சும்மாவா? மனைவி பட்ட பாடு அவருக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது புருஷனா பீரோவா என்று அவளுக்குத் தெரியாது. குளியலறையில் ஷாம்பு எது, தரை கழுவுவது எது என்று மோந்துதான் பார்ப்பாள். பள்ளிக்கூடம் முடியும் வரை அவளுக்கு ‘சோடாப்புட்டி’ என்றுதான் பெயர். விழித்திரை கிழிவதன் அடையாளமாகக் கண்ணுக்குள் மின்னல் வெட்டினால் உடனே ஓடிவரும்படி டாக்டர் சொல்லிவைத்ததிலிருந்து, மழைக்கு மின்னினால்கூட அவரை உலுக்கி, “வெளியிலயா, என் கண்ணுக்குள்ளயா?” என்று கேட்பாள்.

மகள் டிவியை ஒட்டிப் போய் நின்ற நாளிலிருந்து மனைவிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“எங்கம்மாகிட்டேருந்து எனக்கு. என்கிட்டேருந்து இவளுக்கு. நான் பாவி.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண் நன்றாக இருப்பவர்களுக்கு இதெல்லாம் புரியாது, பேசாமல் இருங்கள் என்று அடக்கிவிட்டாள். கொஞ்ச நாளாகவே வீட்டில் இதே கதைதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, காக்கவைத்து, மகளின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நேரம் ஆக ஆக மனைவியின் விரல்கள் கணவர் கையை நெரித்தன.

“பவர் இருக்கு. மைனஸ் எட்டு. இந்த வயசுக்கு ரொம்ப அதிகம்.”

மனைவி உடைந்து போனாள். “என்னாலதான் டாக்டர். என் கண்ணாடியைப் பார்த்தாலே தெரியலயா? அழகு, அறிவு வேற எதையாவது எடுத்துக்கக் கூடாதா? போயும் போயும் என் கண்ணைத்தானா எடுத்துக்கணும்?”

டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். கண்ணாடி போட்டால் குழந்தை படிப்பாள், ஓடி விளையாடுவாள் என்று தேற்றினார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டார்.

“அம்மா வழியா மட்டும்தான் வரணும்னு இல்லம்மா. குறைமாசத்துல பிறந்த பிள்ளைங்களுக்கும் இப்படி வரும். பாப்பா எத்தனையாவது மாசத்துல பிறந்தா? எடை என்ன இருந்துச்சு?”

அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“தெரியாது டாக்டர்,” என்றார் அவர். “தன் கண்ணு பிள்ளைக்கு வந்துடக் கூடாதுன்னு இவ பெத்துக்கவே மாட்டேன்னுட்டா. பாப்பாவை நாங்க காப்பகத்துலேருந்துதான் தூக்கிட்டு வந்தோம்.”

அதை அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.