ஐந்தாவது கையெழுத்து

1975 ஜூலை 9, புதன்கிழமை, காலை எட்டே கால் மணி. கூடலூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் ஞாயிறு முதல் விடாத மழை. மேனேஜர் பங்களாவின் அலுவலக அறையில் பகலிலேயே விளக்கு எரிந்தது.

மேசைமீது ஐந்து கண்ணாடிச் சாடிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. நான்கு மேனேஜர் எட்மண்டுடையவை. ஐந்தாவதைக் கொண்டுவந்த தெய்வம்மா, கணவன் அழகையாவுக்குச் சற்றுப் பின்னால், நனைந்த முந்தானையைப் பிழியவும் தயங்கி நின்றாள்.

எட்மண்ட் கண்ணாடிக் கலைப்பொருள்களைச் சேகரிப்பவர். அடியில் செய்தவரின் கையெழுத்து இல்லாத எதையும் தொடமாட்டார். இலங்கையில் தோட்டத்துரை ஒருவரின் மனைவியான மிஸஸ் லாங்டன், பங்களாவின் பின்கட்டில் உலை அமைத்துத் தாமே ஊதிச் செய்த சாடிகள் மிகச் சிலவே. அவற்றுள் அவருடைய கடைசி ஆண்டுகளில் செய்யப்பட்ட நான்கு, கொழும்பு ஏலங்களைத் தாண்டி இந்த மேசைக்கு வந்திருந்தன.

அந்த அம்மையாரிடம் ஆயாவாக இருந்தவள் தம் எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலேயே இருக்கிறாள் என்பதும், அவளிடம் ஒரு சாடி உண்டு என்பதும் சென்ற வாரம்தான் எட்மண்டுக்குத் தெரிந்தன. சாடி உண்மையானதாயின் அதை அவர் எடுத்துக்கொள்வார். கணவன் மனைவி இருவர் பெயரும் நிரந்தரத் தொழிலாளராகப் பதியப்படும். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து ஓராண்டுக்கு மேலாகியும் அவர்கள் தற்காலிகக் கூலிகளே. மேனேஜர் மனம் வைத்தால்தான் லயத்து அறையும் நிலைக்கும். போலியாயின் என்ன ஆகும் என்று இருவருமே கேட்கவில்லை.

“யார் கொடுத்தது?”

“தொரசாணிங்க. நாங்க பொறப்பட்ட அன்னைக்கு, என் கண்ணு முன்னால, அவுக கையாலேயே பேரு போட்டுக் குடுத்தாக.”

அந்த அம்மையார் எப்படி இருந்தார் என்று எட்மண்ட் விசாரித்தார். சேகரிப்பவர்களுக்கு இத்தகைய செய்திகளில் ஆசை அதிகம். கடைசிக் காலத்தில் அவருக்கு விரல்கள் மடங்கிவிட்டன என்றும், தலை வாரிவிடுவதும் பித்தான் மாட்டிவிடுவதும் தன் வேலையே என்றும் தெய்வம்மா சொன்னாள். ஊதுகுழாயை மட்டும் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டி ஊதுவாராம். மூச்சு அப்படியே இருந்ததாம். எட்மண்ட் ரசித்துத் தலையசைத்தார்.

பிறகு ஐந்தாவது சாடியின் அடியை உருப்பெருக்கியால் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை; உருப்பெருக்கி மட்டும் மற்ற நான்கிற்கும் போய் மீண்டும் ஐந்தாவதற்கு வந்தது.

நான்கிலும் வைர ஊசியால் இட்ட கையெழுத்து ஒரே அச்சு. கடைசி எழுத்தின் வால் பின்னோக்கிச் சுழித்து, முதல் எழுத்தைத் தொட்டு நின்றது. ஐந்தாவதில் கோடுகள் நடுங்கின, இடையிடையே அறுந்தன; வாலே இல்லை.

“கோழி கிளறுனாப்புல இருக்குங்க தொரை,” என்றார் தலைமை எழுத்தர் கொர்னேலியஸ். “ஆணியில கீறியிருப்பாளாட்ட இருக்குது. கீறுனதுதான் கீறுனா, கொஞ்சம் பாத்துக் கீறியிருக்கலாம்.”

கண்ணாடி அசல்தானே என்று அழகையா மெல்லக் கேட்டான். கண்ணாடியை யாரும் ஊதலாம், கையெழுத்து ஒன்றே சாட்சி என்று எட்மண்ட் விளக்கினார். நான்கு முறை ஒன்றுபோல் எழுதிய கை ஐந்தாம் முறை மாறாது என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

தெய்வம்மா ஓரடி முன்னால் வந்தாள். “தொரை, நான் ஒண்ணு சொல்லணுங்க.”

“சொல்லும்மா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. இன்னொருத்தர் கையெழுத்தை நீ போட்டேன்னு உன் வாயாலேயே வந்துச்சுன்னா, விஷயம் என்கிட்ட நிக்காது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடும்.”

அவள் பார்வை மேசைமேலிருந்த சாடிகளின்மீது ஒருமுறை ஓடி நின்றது.

“ஒண்ணுமில்லீங்க,” என்றாள்.

இருவரும் வெளி வராந்தாவில் காத்திருந்தனர். உள்ளே தட்டச்சுப் பொறி சிறிது நேரம் ஒலித்து ஓய்ந்தது. தம் முடிவு எதுவாயினும் அதை எழுத்தில் தருவதே நியாயம் என்பது எட்மண்டின் கொள்கை.

கொர்னேலியஸ் தாளுடனும் சாடியுடனும் வந்து, தாளில் இருந்ததை வாசித்தார். சாடியின் கையெழுத்து போலி. ஏமாற்ற முயன்ற குற்றத்திற்காக இருவரும் சனிக்கிழமைக்குள் லயத்தைக் காலி செய்ய வேண்டும். இனி இங்கு வேலை இல்லை. சாடியைத் தெய்வம்மாவிடமும் தாளை அழகையாவிடமும் கொடுத்தார்.

“கீழ தொரை போட்ட கையெழுத்து அசலுங்க. இதையாச்சும் பத்திரமா வெச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

அழகையா தாளை மடிக்கவில்லை. மழையைப் பார்த்தபடியே கேட்டான்: “எங்கிட்டயாவது நெசத்தச் சொல்லு, புள்ள. இது நீ கீறுனதா?”

“இது தொரசாணி போட்டது. உள்ள இருக்கிற நாலுந்தான் நான் போட்டது.”