கட்டைவிரலில் மஞ்சள் துணி

"ரெண்டு வீட்டிலயும் ஒரே பொம்பளை! இது டூர் இல்லைங்க, டிராமா" என்று கணவர் காதைக் கடித்தாள் சுபலட்சுமி.

செல்வக்குமாரின் வாயில் கச்சோரி இருந்தது. "பேசாம சாப்பிடு" என்று கையாலேயே சொன்னார்.

எல்லாம் நாத்தனாருக்காக. செல்வக்குமாரின் தங்கை நாகஜோதி சனி, ஞாயிறுக்கு பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். பெட்டியை இறக்கி வைக்குமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மதுரையில என்ன இருக்கு மதினி? கோயிலும் வெயிலும்தானே?"

இருபது வருஷமாக அதே வாய். சனிக்கிழமை பகல் முழுக்க ஜிகர்தண்டா, பருத்திப்பால், நன்னாரி சர்பத் என்று ஊற்றிப் பார்த்தும் அடங்கவில்லை. ராத்திரி சுபலட்சுமி பரிமாறிய நெஞ்செலும்புக் குழம்பில்தான் அடங்கியது.

"மதினி, நீங்களா வச்சீங்க?"

"பின்னே? நான் சமைக்கும்போது அடுப்படிக்குள்ள ஆள் வந்தா எனக்கு ஆகாது. அதான் கதவைச் சாத்திக்கிட்டேன்."

நாகஜோதி இரண்டாம் தடவை சோறு வாங்கினாள். சுபலட்சுமிக்கு அந்த இருபது வருஷமும் அங்கேயே செரித்துப்போனது.

அந்த வெற்றியோடு ஞாயிற்றுக்கிழமை இந்த டூர். சிம்மக்கல்லுக்குப் பின்னால் ஒரே சந்தில் சௌராஷ்டிரா வீடு, மார்வாடி வீடு, முஸ்லிம் வீடு. மூன்றிலும் அந்தந்த வீட்டு அம்மா கையால் சாப்பாடு. கழுத்தில் மைக் மாட்டிய பேயாண்டி வழிகாட்டி.

முதல் வீட்டில் ரமாபாய். பட்டுப்புடவை, தலை கொள்ளாத மல்லிகை, புளியோதரை. வாயே திறக்கவில்லை, சிரிப்பு மட்டும்தான். வலது கட்டைவிரலில் மஞ்சள் துணிக் கட்டு.

அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் அடுத்த வீடு. ஆனால் பேயாண்டி எல்லாரையும் ஒரு டிரான்ஸ்பார்மர் முன்னால் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டான்.

"நல்லாப் பாருங்கண்ணே. இம்புட்டு வருசமா இது இங்கனயேதான் இருக்கு!"

"டிரான்ஸ்பார்மர் வேற எங்கப்பா போகும்?" என்றாள் சுபலட்சுமி.

இரண்டாவது வீட்டில் கமலாதேவி. முகம் மறைக்கும் முக்காடு. அதற்குள்ளிருந்து மூச்சு வாங்கியது. "ஆவோ, ஆவோ" என்று கச்சோரி வைத்த கையில் அதே மஞ்சள் துணி. சுடச்சுடக் கரண்டி நழுவிக் காலில் விழுந்ததும் முக்காடு அலறியது.

"ஏ ஆத்தே!"

அப்போதுதான் சுபலட்சுமி கணவர் காதைக் கடித்தது.

"மார்வாடி வீட்ல எவளாவது ஏ ஆத்தேன்னு கத்துவாளா?"

"சுட்டா எல்லாரும்தான் கத்துவாங்க" என்றார் செல்வக்குமார் விழுங்கிவிட்டு. "விடு சுபா. பாவம், பிழைப்பு."

"பொய்யில என்னங்க பிழைப்பு? கான்வென்ட்ல ஒரு பொய் சொன்னா சிஸ்டர் மைதானத்துல முட்டி போட வைப்பாங்க. அப்படி வளர்ந்தவ நான். மூணாவது வீட்டிலயும் இதே கட்டைவிரல் வரட்டும், ஜோதி வீடியோ எடுக்கும்போதே வேஷத்தைக் கலைச்சுடறேன்."

ஜோதி நெட்டில் போடுகிற வீடியோவை ஊரே பார்க்கும். பேயாண்டியை நம்பி அப்புறம் ஒரு ஈ வராது.

மூன்றாவது வீட்டுக்குப் போகிற வழியில் ஓர் அடிபம்பு.

"எல்லாரும் ஆளுக்கு இருபது அடி அடிச்சுப் பாருங்க" என்றான் பேயாண்டி.

நாகஜோதி வளையல் குலுங்க அடித்தாள். "தண்ணி வரலையே?"

"வராதுக்கா. அதான் சிறப்பு!" பேயாண்டி எட்டி எட்டி எதிர்வீட்டு வாசலைப் பார்த்தான். கதவு லேசாகத் திறந்தது. "ஆச்சு, போலாம் போலாம்."

உள்ளே ஜரீனா பேகம். தலையில் துப்பட்டா, நெற்றியில் வேர்வை, தாடையில் கச்சோரி மாவு. பிரியாணிக் கரண்டியைப் பிடித்த கையில் மஞ்சள் துணி.

"மதினி, இந்த மணம் போதும்! பெங்களூர்ல எங்க கிடைக்கும் இது?" நாகஜோதி போனைத் தூக்கிவிட்டாள்.

"இரு ஜோதி. கேமராவை இந்தம்மா கைப்பக்கம் திருப்பு." சுபலட்சுமி குரலை உயர்த்தினாள். "ஏம்மா, கட்டைவிரல்ல என்ன கட்டு? எங்க பட்டுச்சு? எப்பப் பட்டுச்சு? எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொல்லு!"

பேயாண்டி எச்சில் விழுங்கியது மைக்கில் கேட்டது.

ஜரீனா பேகம் சட்டென்று நிமிர்ந்தாள். சுபலட்சுமியின் முகத்தைப் பார்த்த மாதிரி இல்லை, குரலைப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு பிரியாணி வைக்கிற சாக்கில் குனிந்து, காதருகே வந்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா, அவுகளுக்குக் கேட்டுறப் போவுது. நேத்து சாயங்காலம் உங்க குழம்புக்கு நெஞ்செலும்பு வெட்டையிலதான் பட்டுச்சு. 'பின்கேட்ல வச்சுட்டுப் போ, பெல் அடிச்சுராத, நாத்தனா வந்திருக்கா'ன்னு போன்ல ஒரு அதட்டு அதட்டுனீகளே, அந்தச் சத்தம் மறக்குமா? நான் மூச்சு விடமாட்டேன். நல்லாச் சாப்பிடுங்க."

ஒரு கரண்டி கூடவே வைத்தாள். கறித்துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"என்ன மதினி? என்ன சொல்றாங்க?" கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுபலட்சுமி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாலு தலைமுறையா இந்த வீட்டுக் கைப்பக்குவமாம் ஜோதி. வீடியோவுல பதியட்டும்னுதான் கேட்டேன்."

சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, ஏனோ முட்டி இரண்டும் வலித்தன.